காடாகிப்போன தேயிலை யாருக்குச் சொந்தம்?

உடப்புசல்லாவையில் என் பெரியப்பா குடியிருக்கும் லயத்துக்கு மேலே ஒரு காடு இருக்கிறது. பனி விலகும்வரை உள்ளே ஒன்றும் தெரியாது. மானாப்புல்லுக்கும் முட்செடிகளுக்கும் நடுவே பாசி பிடித்த தண்டோடு நெட்டை நெட்டையாகச் சில மரங்கள் நிற்கும். தரையில் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும். அண்ணாந்து இலையைப் பார்த்த பிறகுதான் அவை தேயிலை என்பது விளங்கும். இடுப்பளவுக்கு மேல் தேயிலை வளர்ந்து பார்க்காதவர்கள் அப்போதும் நம்பமாட்டார்கள்.

கடைசியாகப் போனபோது, "இந்தக் காட்டுக்குள்ள..." என்று நான் எதையோ கேட்கத் தொடங்கினேன். பெரியப்பா இடையில் நிறுத்தினார். "காடா? இது பதினாலாம் நம்பர் மலைப்பா. நான் இங்க கவ்வாத்து வெட்டியிருக்கேன்."

வடக்கிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். தோட்டத்துப் பேச்சில் மலை என்றால் தேயிலை நட்ட ஒரு நிலத்துண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. கவ்வாத்து என்பது மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை செடியை வெட்டிக் குறுக்குவது. அதை நிறுத்தினால் தேயிலை தன் இயல்புக்குத் திரும்பிவிடும். அது இயல்பில் ஒரு மரம். அசாம் வகை ஐம்பது அடிக்கு மேலும் வளரும். நாம் பார்க்கும் பச்சைப் பாய், தலைமுறை தலைமுறையாகக் கத்தி பிடித்தவர்கள் ஒரு மரத்தை வளரவிடாமல் வைத்திருந்ததன் விளைவு. பதினாலாம் நம்பரில் கடைசிக் கவ்வாத்து நடந்தது 1990களின் முடிவில் என்கிறார் பெரியப்பா. அதற்குப் பிறகு அங்கே யாரும் கத்தியோடு ஏறவில்லை.

இந்தக் காட்டைப்பற்றி இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. உலகத் தேயிலைச் சந்தையில் 'காட்டு மரத் தேயிலை', 'பழமரத் தேயிலை' என்ற பெயர்களுக்கு நல்ல விலை கிடைக்கிறது. இலங்கையிலும் அது தொடங்கிவிட்டது. சிவனொளிபாதமலையின் இரத்தினபுரிப் பக்கச் சாரலில், வெள்ளைக்காரர் காலத்தில் கைவிடப்பட்டுக் காடாகிப்போன நிலத்தில் வளர்ந்த தேயிலை மரங்களில் ஏறிக் கொழுந்து பறித்து, சிறு அளவில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அதை நான் குறைசொல்லவில்லை. கொழும்பு ஏலத்தில் மூட்டை மூட்டையாகப் போகும் தூளைவிட அதற்கு விலை அதிகம், உழைப்புக்கு மதிப்பும் அதிகம். ஆனால் நாளைக்கு உடப்புசல்லாவையின் கைவிடப்பட்ட மலைகளுக்கும் அந்தச் சந்தை வரும். அன்றைக்கு அந்த மரங்கள் யாருடையவை என்ற கேள்விக்கு இன்று இருக்கும் சட்டப்படியான பதிலில் பெரியப்பாவின் பெயர் இல்லை.

பழமரத் தேயிலை என்றதும் உலகம் நினைப்பது சீனாவின் யுனான் மாகாணத்தை. அங்கே ஜிங்மாய் மலையின் பழந்தேயிலைக் காடுகளை 2023 செப்டெம்பரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தேயிலைக்காக அந்தப் பட்டியலில் ஏறிய முதல் நிலம் அதுதான். புலாங், தாய் என்ற இரு சிறுபான்மை மக்கள் ஏறக்குறைய ஆயிரம் வருடமாக அங்கே பெரிய காட்டு மரங்களின் நிழலில் தேயிலை வளர்த்து வருகிறார்கள். தங்கள் முன்னோன் பொன்னையோ மாட்டையோ விட்டுப்போகாமல் தேயிலை மரத்தை விட்டுப்போனான் என்பது புலாங் மக்களின் நம்பிக்கை. ஒவ்வொரு தேயிலை நிலத்திலும் முதலில் நட்ட மரத்தை நிலத்தின் ஆவியாக வைத்துக் கும்பிடுகிறார்கள்.

இதே மரங்களை நாற்பது வருடத்துக்கு முன் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அதிக விளைச்சல் தரும் படிவரிசைத் தேயிலையை நடும்படி 1970, 80களில் அரசாங்கமே தூண்டியது. பல இடங்களில் பழைய மரங்களை வெட்டிக் குறுக்கினார்கள். பிறகு பூஅர் தேயிலைக்கு மோகம் வந்தது, விலை ஏறியது, 2007இல் சரிந்தது, மறுபடியும் ஏறியது. போலிச் சிட்டைகளும் வந்தன. அளவுக்கு மீறிப் பறித்து மரங்களைக் கெடுத்தவர்களும் உண்டு. ஆக, யுனான் ஒன்றும் சொர்க்கமில்லை. ஆனால் மரத்துக்கு விலை வந்தபோது அதன் கீழே அந்த மக்கள் இருந்தார்கள். நிலம் கிராமத்தின் பெயரிலும் மரத்தின் பயன் குடும்பங்களின் பெயரிலும் இருந்தது. மரத்தின் வயது அவர்களுக்குச் சொத்தானது.

நம்முடைய மரங்களுக்கு ஆயிரம் வயதில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். கோப்பி இலைநோயில் அழிந்த பிறகு 1880களில் மலையெல்லாம் தேயிலை பரவியது. எனவே மிகப் பழைய விதைத் தேயிலைக்கு நூற்றுமுப்பது, நூற்றைம்பது வயது இருக்கும். லூல்கந்துரவில் டெய்லர் உட்கார்ந்த கல்லைக்கூடப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். குழி வெட்டிக் கன்று வைத்தவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. டெய்லர் நல்ல தோட்டக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 19 ஏக்கரைத் தனியாக நட்டிருக்கமாட்டார் என்பதிலும் சந்தேகமில்லை.

விதைத் தேயிலை என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1950களுக்குப் பிறகு தலவாக்கலை சென் கூம்ஸிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இனங்களைத் தவறணையில் தண்டு வெட்டி வளர்த்து நட்டார்கள். வீ.பீ. தேயிலை என்கிறோமே, அதுதான். விளைச்சல் கூட, உரமும் கூட வேண்டும், ஆணிவேர் இல்லை. விதைத் தேயிலையின் ஆணிவேர் ஆழமாக இறங்கும், வறட்சியைத் தாங்கும், ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு குணத்தோடு இருக்கும். 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்தபோது நாட்டின் விளைச்சல் சரிந்ததை நாம் பார்த்தோம். உரத்தின் முகமே காணாமல் கால் நூற்றாண்டு நின்ற பதினாலாம் நம்பருக்கு அந்தத் தடையால் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் தோட்டக் கணக்கில் விதைத் தேயிலைக்கு ஒரே பெயர்தான்: குறைந்த விளைச்சல். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் கப்பலேறியபோது ஆள் குறைந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனது, பிறகு 53 வருடக் குத்தகை வந்தது. மீள்நடுகைக்குச் செலவழிக்க மனமில்லாத இடங்களில், செங்குத்தான, தூரமான, பழைய மலைகளை முதலில் விட்டார்கள். ஒரு மலையை விட்டால் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அத்தனை நாள் பேர் இல்லாமல் போகும். லயத்திலிருந்து பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவதன் கணக்கை இந்த இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நாம் வழக்கமாகச் சம்பளத்தை வைத்து மட்டும் பார்க்கிறோம். 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்து, கம்பனிகள் நீதிமன்றம் போய், கடைசியில் 1,350 ரூபாவில் நின்ற அந்தக் கதை முக்கியமானதுதான். ஆனால் கூலியைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் காணியைப்பற்றிப் பேச மறந்துவிட்டோம்.

காடு என்ற சொல்லிடம் வருகிறேன். அது சாதாரணச் சொல் இல்லை.

1823இல் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் அசாமில் தேயிலையைக் 'கண்டுபிடித்தார்' என்று பாடப்புத்தகம் சொல்லும். அவருக்கு அதைக் காட்டியவர் பீசா காம் என்ற சிங்போ இனத் தலைவர். சிங்போ மக்கள் அந்த இலையைப் பறித்துப் பக்குவப்படுத்திக் குடித்து வந்தவர்கள். ஆங்கிலேயர் அதற்குக் காட்டுத் தேயிலை என்று பெயர் வைத்தார்கள். 1838இல் தரிசு நில விதிகளைக் கொண்டுவந்து, தேயிலை நின்ற நிலங்களைக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். காட்டு மரம் என்றால் நட்டவன் இல்லை. நட்டவன் இல்லையென்றால் சொந்தக்காரனும் இல்லை. அடுத்த வருடம், 1839இல், அந்த அசாம் தேயிலையின் விதை கல்கத்தா வழியாகப் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. 1840இல் சில கன்றுகள் நுவரெலியாவுக்கும் வந்தன.

அதே 1840இல்தான் இலங்கையில் முடிக்குரிய காணிகள் பற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, குடியிராத, பயிரிடாத நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கும்வரை முடிக்குச் சொந்தம் என்று அது சொன்னது. நிரூபிக்கும் சுமை கிராமத்தவன் தலையில் விழுந்தது. சேனைக்கும் மாட்டுக்கும் விறகுக்கும் கண்டிச் சிங்களக் கிராமங்கள் நம்பியிருந்த மேட்டுநிலம் இப்படித்தான் தோட்டமானது. உடப்புசல்லாவைக்குப் பக்கத்து வலப்பனையில் 1880களில் தானிய வரி கட்ட முடியாதவர்களின் வயல்களை ஏலத்தில் விற்று, மக்கள் பட்டினியில் செத்ததை அன்றைய நுவரெலியா உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியரே எழுதி வைத்தார். நம்முடைய பாட்டன்மார் இறங்கிய மண் வெறும் மண்ணாக இருக்கவில்லை என்பதை நாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பறித்தது நாமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம். அதன் இடத்தில் 1931இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம். இந்தக் கடைசிப் பெயர் வடக்கில் உள்ளவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2025 மார்ச் 28ஆம் திகதி வடமாகாணத்தின் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு வர்த்தமானி அறிவித்தல் வெளியிட்டார்களே, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று, அது இந்தச் சட்டத்தின் கீழ்தான். எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு அதை மீளப்பெற்றார்கள். யுத்தத்தில் உறுதியைத் தொலைத்தவர், கனடாவில் இருப்பவர், உரிமையாளர் இறந்து பிள்ளைகளும் இல்லாதவர், எல்லோருக்கும் மூன்று மாதம். தேயிலைத் தோட்டத்துக்கு நிலம் எடுக்கப் பிறந்த ஒரு சட்டக் குடும்பத்தின் பேரப்பிள்ளை முல்லைத்தீவில் வந்து நின்றது.

என் சித்தப்பா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு உடப்புசல்லாவையை விட்டுக் கிளிநொச்சி பாரதிபுரத்துக்குப் போனது. காட்டை வெட்டிக் குடியேறிய மலையகத் தமிழரில் அவர்களும் ஒருவர். 2009இல் எல்லோரையும்போல முள்ளிவாய்க்கால்வரை போய், முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது வளவு பற்றையாகிக் கிடந்தது. கிணற்றுக்கட்டை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குக் காணி கிடைத்தது. ஆனால் முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லைக் கிராமங்களில் எத்தனையோ பேருக்கு, 'இது இப்போது காடு' என்ற பதில் கிடைத்தது. 1990இல் வெளியேற்றப்பட்ட முசலிப் பிரதேச முஸ்லிம் மக்களுக்கும் அதுதான் நடந்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளிப் பக்கத்து நிலங்கள் அவர்கள் இல்லாத இருபது வருடத்தில் காடாகி, 2012இல் ஒரு வர்த்தமானியிலும் 2017இல் இன்னொன்றிலும் ஒதுக்குக் காடாகின. ஊர்க்காரர் கிணற்றையும் பள்ளிவாசல் சுவரையும் புளியமரத்தையும் காட்டி வழக்காட வேண்டியிருந்தது.

விரட்டப்பட்டவனின் நிலம் காடாகும், பிறகு அந்தக் காடே அவனுக்கு எதிரான சாட்சியாகும். வன்னியில் குண்டு விரட்டியது. மலையகத்தில் ஒப்பந்தமும் கம்பனிக் கணக்கும் விரட்டின. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. முள்ளிவாய்க்காலைக் கடந்தவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பிறகு வரும் கடதாசி ஒன்றுதான்.

பதினாலாம் நம்பரில் கிணறு இல்லை. ஒரு கல் இருக்கிறது. கவ்வாத்துச் சாமி. கத்தியெடுக்கும் முன் தேங்காய் உடைத்துக் கும்பிட்ட இடம். இப்போது வேர் சுற்றி, பாசி மூடி, தெரிந்தவர் காட்டினால்தான் தெரியும். கொழுந்துச் சாமி, ரோதைமுனி என்று தோட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாமி இருந்தது. புலாங் மக்களின் ஆவி மரத்தைப்பற்றி வாசித்தபோது எனக்கு அந்தக் கல்தான் கண்ணில் வந்தது. அவர்களுடைய மரம் மரபுரிமைப் பதிவில் இருக்கிறது. நம்முடைய கல் எந்தப் பதிவிலும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புத்தான். காடாகிப்போன மலைகள் காடாகவே இருப்பது நல்லதல்லவா? ஊற்று காய்வதில்லை, மண் சரிவதில்லை, சிறுத்தைக்கும் இடம் கிடைக்கிறது. உண்மை. பெரியப்பா லயத்துக்குக் குழாயில் வரும் தண்ணீரே பதினாலாம் நம்பருக்கு மேலிருந்துதான் வருகிறது. அந்த மலையை மொட்டையடித்து மரக்கறி போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் சட்டத்துக்கு இரண்டே பெட்டிகள்தான் தெரியும்: ஒன்றில் பயிர், மற்றதில் காடு. பயிர் கம்பனிக்கு, காடு அரசுக்கு. காட்டுக்குள்ளேயே தேயிலையும் தேயிலைக்குள்ளேயே மனிதர்களும் இருக்கும் மூன்றாவது நிலத்துக்குப் பெட்டி இல்லை. ஜிங்மாயில் அந்த மூன்றாவது நிலம் ஆயிரம் வருடமாக அழியாமல் இருக்கிறது. (இதே நுவரெலியா மாவட்டத்தில் ஹைபொரஸ்ட் என்று ஒரு தோட்டம் உண்டு. உயர்ந்த காட்டை வெட்டிவிட்டு அதன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். துரைமாருக்கு நகைச்சுவை உணர்வு இல்லையென்று யார் சொன்னது?)

கைவிட்ட மலைகளைப்பற்றி அரசாங்கம் யோசிக்காமலும் இல்லை. 2013ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், கம்பனிகள் பயன்படுத்தாத ஏறக்குறைய 37,000 ஹெக்டேயரைத் தலைக்கு இரண்டு ஏக்கராகச் சிறு உடைமையாளருக்குப் பகிர்வதாக அறிவித்தார்கள். யாருக்கு என்ற கேள்வி அன்றே மலையகத்தில் எழுந்தது. தோட்டத்துக்குள் வாழ்பவர்களுக்கு முன்னுரிமை என்று எங்கும் உறுதியாகச் சொல்லவில்லை. நாட்டின் தேயிலையில் முக்கால்வாசியை நெருங்கிய பங்கை இன்று சிறு உடைமையாளர்கள்தான் தருகிறார்கள். ஆனால் அந்தச் சிறு உடைமையாளரில், தேயிலையை நட்ட சமூகத்தவர் மிகச் சிலர். நமக்குப் பேச்சு ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் வீட்டுக்காணியோடு நின்றுவிடுகிறது. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது காணி என்ற கோரிக்கை முன்வரிசையில் இருந்தது. நடை முடிந்த பிறகு அது வீடு என்று சுருங்கியது.

சில வருடத்துக்கு முன் பெரியப்பாவின் லயத்தில் மூன்று குடும்பங்கள் அந்தக் காட்டு மரங்களில் கொழுந்து பறித்து, தாச்சியில் வாட்டி, கையால் உருட்டி, பாயில் காயவைத்தார்கள். விற்க அல்ல, குடிக்க. மாதம் தோட்டத்தில் தரும் தூளைவிட நன்றாக இருந்தது. எப்படியோ செய்தி மேலே போய், கள்ளக் கொழுந்து என்று கூப்பிட்டு எச்சரித்தார்கள். இருபது வருடமாகத் தோட்டம் திரும்பிப் பார்க்காத மரம். பெரியம்மா கேட்டாராம்: "விட்டுட்டுப் போன மாட்டுக்குப் புல்லுப் போட்டது நாங்க. பாலைக் கறந்தா திருட்டா?" பதில் இல்லை. எச்சரிக்கை மட்டும் இருக்கிறது.

நாளைக்கு அதே மரத்துக்கு ஒரு முதலீட்டாளர் வருவார். அழகான பெட்டியில், மனிதர் தொடாத காட்டின் தேயிலை என்று எழுதுவார். மனிதர் தொடாத என்ற அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் விற்கும், எல்லாவற்றையும் அழிக்கும். ஏறிப் பறிக்கக் கூலிக்கு ஆள் வேண்டும். அதற்கு நம் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். மரமேறுவது பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மட்டத்தில் பறிக்கும் வேலை இல்லை. விழுந்தால் யார் பொறுப்பு என்பதற்கு எந்தக் கூட்டு ஒப்பந்தத்திலும் வரி இல்லை.

அந்தச் சந்தை வருமுன் நமக்குச் செய்யக்கூடியது சில இருக்கின்றன. கைவிடப்பட்ட மலைகளின் பட்டியலைத் தோட்டவாரியாக வெளியிடச் சொல்லித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். குத்தகைக் காலத்திலேயே, அந்தப் பிரிவில் வாழும் குடும்பங்களின் கூட்டுறவுக்கு, வெட்டாமல் பறித்துப் பயன்பெறும் உரிமையைக் கேட்கலாம். வீட்டுக்காணி கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை, இதையும் சேர்த்துக் கேட்கலாம். தொழிற்சங்கங்கள் கேட்குமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு. சந்தாப் பணம் கொழுந்துக் கூலியிலிருந்து வருகிறது, காட்டிலிருந்து வருவதில்லை.

அதற்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் ஊர்க்காரர்கள் செய்தார்கள். கிணறு எங்கே, கோயில் எங்கே, யார் வளவு எங்கே என்று ஞாபகத்திலிருந்து வரைபடம் கீறினார்கள். பெரியப்பாவுக்கு வயது 76. எந்தக் காடு எந்த நம்பர் மலை, அங்கே கடைசியாக யார் கங்காணி, எந்தச் சாமிக்கல் எங்கே என்று தெரிந்தவர்கள் அவர் லயத்தில் இன்னும் நாலைந்து பேர்தான்.

ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஏழு மலை முடிந்தது. ஒன்பதாம் நம்பர் எங்கே முடிந்து பத்தாம் நம்பர் எங்கே தொடங்கியது என்பதில் பெரியப்பாவுக்கும் அடுத்த வீட்டு மாமாவுக்கும் சண்டை. "உங்க சித்தப்பனைக் கேளு, அவன்தான் அங்க முள்ளுக் குத்தினவன்" என்றார்கள். அடுத்த வாரம் கொப்பியோடு பாரதிபுரத்துக்குப் போகிறேன்.